பெட்டிகள் பேசும் மொழிக்கு இலக்கணம் எங்கே?

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்கு ஏழெட்டு மைல் தூரந்தான். ஆயினும், மூடுபனி இறங்கிய மாலை வேளையில் அவ்வழியே பஸ்ஸிற் செல்பவர்களுக்கு அஃது இருபது மைலாகத் தோன்றும். சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில், நம்மிடம் படித்து உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மாணவன் ஒருவன், "சேர், ஒரு நாள் எங்கள் தோட்டத்துக்கு வரவேண்டும், பெரிய சிக்கலொன்று இருக்கிறது" என்று செய்தி அனுப்பியிருந்தான். என்ன சிக்கலென்று எழுதவில்லை. பணச் சிக்கலோ, குடும்பச் சிக்கலோ என்று எண்ணிக் கலங்கியவாறே போய்ச் சேர்ந்தோம். அங்கு நமக்குக் காட்டப்பட்டதோ ஒரு தொலைக்காட்சிப் பெட்டி!

ஆறு காம்பராக்கள் கொண்ட பழைய லயம் அது. கடைசிக் காம்பராவில் மாணவனுடைய அப்பாயி இருக்கிறார். அவர் கணவர், அஃதாவது மாணவனின் தாத்தா, அத்தோட்டத்துக் காமன் கூத்துக்கு வாத்தியாராக இருந்தவர். மாசி மாதம் வந்தால் மலையகத் தோட்டங்களிலே ரதியும் மன்மதனும் வீதிக்கு வருவதையும், காமன் தகனத்தோடு அக்கூத்து முடிவதையும் வாசகர்கள் அறிவர். 2020-ஆம் ஆண்டு மாசியில் தாத்தா நடத்தியதே அவருடைய கடைசிக் கூத்தாயிற்று. அடுத்த ஆண்டு அவர் காலமானார். நல்ல வேளையாக, மாணவனின் சித்தப்பா அக்கூத்தில் முக்கால் மணி நேரத்தைத் தம் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்திருந்தார்.

அப்பாயி மலைச்சரிவில் விழுந்து காலொடிந்த நாள் முதல் காம்பராவை விட்டு வெளியே வருவதில்லை. கண்ணிலும் புரை. கைத்தொலைபேசியிற் படத்தைக் காட்டியபோது, "இந்தக் கையளவு கண்ணாடியிலே மனுசன் எறும்பு மாதிரித் தெரியிறாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவர் காம்பராவில் மகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று உண்டு. ஆனால் நினைவுக்குச்சி செருகும் துளை அதிலே பழுதாகிவிட்டது. இணையத்தில் ஏற்றிப் பார்க்கலாமென்றால், அப்பெட்டிக்கு அந்த வித்தை தெரியாது. லயத்துக்கு அதற்குரிய டேட்டா வாங்கக் காசுங் கிடையாது.

மாணவன் ஒரு வழி கண்டிருந்தான். பழைய மடிக்கணினி ஒன்றில் மினிடிஎல்என்ஏ என்னும் இலவச மென்பொருளை நிறுவி, கூத்துப் படத்தை அதில் வைத்து, ஒரு ரவுட்டரின் மூலம் ஆறு காம்பராக்களுக்கும் அனுப்பியிருந்தான். இணைய இணைப்பு இதற்கு வேண்டுவதில்லை. வீட்டுக்குள்ளேயே காற்றில் ஓடும் வாய்க்கால் இது. ரவுட்டரும் மின்சாரமும் இருந்தாற் போதும். முதற் காம்பராவிலுள்ள புதிய பெட்டியில் கூத்து அழகாக ஓடிற்று. அப்பாயியின் பெட்டியிலோ, படத்தின் பெயர் பட்டியலிலே தோன்றிற்று. அமுக்கினால், இயக்க முடியாதென்று அறிவிப்பு வந்தது. ஐந்தாங் காம்பராப் பெட்டிக்கு அப்படியொரு மடிக்கணினி உலகத்தில் இருப்பதே தெரியவில்லை. ஒரே படம், ஒரே லயம், மூன்று விதமான நடத்தை!

"இந்தப் பெட்டிகள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கின்றன சேர். அந்தப் பேச்சுக்கு இலக்கணம் எங்கேயாவது எழுதியிருக்குமல்லவா? தேடினேன். ஓரிடத்தில், எழுதிய சங்கமே கலைந்துவிட்டதென்று இருக்கிறது. இன்னோரிடத்தில் காசு கேட்கிறார்கள்" என்றான்.

அந்த இலக்கணத்தைத் தேடி நாமும் அவனும் சில வாரங்கள் அலைந்த கதையையே இங்கு எழுதுகின்றோம்.

நானுஓயாவில் இறங்கிய மூட்டைகள்

நியமம் என்பதன் அருமை தெரிய வேண்டுமானால் கந்தப்பளைக்காரர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இவ்வூர் வழியே ஒரு காலத்தில் ரயில் ஓடிற்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்ற அப்பாதை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1903-04-இல், திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து நானுஓயாவுக்கு வரும் பெரிய பாதையின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். இராகலைப் பாதையின் அகலமோ இரண்டடி ஆறங்குலம். மலைச்சரிவுகளில் சிக்கனமாகப் பாதை போடவேண்டியிருந்தமையின் அவ்வாறு செய்தனர். விளைவு என்னவெனில், இத்திசையிலிருந்து போன தேயிலைப் பெட்டியும், கொழும்பிலிருந்து வந்த அரிசி மூட்டையும் நானுஓயாவில் ஒரு வண்டியினின்றும் இறக்கப்பட்டு மறு வண்டியில் ஏற்றப்படவேண்டியதாயிற்று. இரண்டும் ரயிலே, இரண்டும் தண்டவாளத்திலேயே ஓடின. ஆயினும் ஒன்றன் சக்கரம் மற்றதன் தண்டவாளத்திற் பொருந்தாது. 1940-களில் அப்பாதை மூடப்பட்டுவிட்டது.

நம் குடும்பங்கள் நன்கு அறிந்த இன்னோர் உதாரணமும் உண்டு. இலங்கையில் தொலைக்காட்சி 1979-இல் தொடங்கிற்று. ரூபவாஹினி 1982-இல் வந்தது. இங்கு நாம் கைக்கொண்டது பால் என்னும் முறை: ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். கனடாவிலோ என்.டி.எஸ்.சி. முறை: 525 கோடுகள், விநாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். கனடாவிலிருந்து ஆசையோடு அனுப்பிய கலியாணக் கஸெற்றை இங்குள்ள யந்திரத்திலே போட்டபோது, மணப்பெண் கறுப்பு வெள்ளையாய்த் தோன்றியதையும், சில வீடுகளில் படமே உருண்டு உருண்டு ஓடியதையும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாமனுடைய படப்பிடிப்பைக் குறைகூறியவர்களே அதிகம். தண்டவாளம் வேறு என்பதை அறிந்தவர் சிலரே.

அப்பாயியின் பெட்டியிலும் நடந்தது இதுவாகவே இருக்கக்கூடுமென்று நாம் ஐயுற்றோம். ஐயம் போதாது, அப்பெட்டி எந்தத் தண்டவாளத்தை ஏற்கும் என்பதை எழுத்திற் காண வேண்டும்.

தப்படித்து ஆளழைத்தல்

எழுத்தைத் தேடுமுன் பேச்சைக் கேட்போமென்று, மாணவன் தன் மடிக்கணினியில் வயர்ஷார்க் என்னும் மென்பொருளை ஓடவிட்டான். வலையமைப்பிற் செல்லும் ஒவ்வொரு செய்திப் பொதியையும் பிரித்துக் காட்டும் கருவி அது. நாம் கண்ட காட்சி மிக வேடிக்கையானது.

முற்காலத்தில் தோட்டங்களிலே விடியற்காலையில் தப்படித்துப் பிரட்டுக்கு ஆளழைப்பார்கள். தப்பு அடிப்பவர் ஒவ்வொரு காம்பராவாகச் சென்று கதவைத் தட்டுவதில்லை. பொதுவாக ஒலி எழுப்புவார், வேலைக்குரியவர் வந்து பெயர் கொடுப்பர். தொலைக்காட்சிப் பெட்டியும் அவ்வாறே செய்கிறது. 239.255.255.250 என்னும் பொது முகவரிக்கு, 1900 என்ற எண்ணுள்ள வாயிலின் வழியாக, "படமும் பாட்டும் வைத்திருப்போர் யாரேனும் உளரோ?" என்று ஒரு குரல் கொடுக்கிறது. அம்முகவரி எந்தத் தனிப் பெட்டிக்கும் உரியதன்று. கேட்க விரும்பும் பெட்டிகள் யாவும் அதற்குக் காது கொடுத்திருக்கும். மடிக்கணினி உடனே, "நான் இருக்கிறேன், என் விவரம் இன்ன இடத்தில் எழுதியிருக்கிறது" என்று விடை அனுப்புகிறது. பெட்டி அவ்விடத்துக்குச் சென்று அந்த விவரத் தாளை எடுத்துப் படிக்கிறது. பெயர், தயாரித்தவர், செய்யவல்ல பணிகள் யாவும் அதில் உள. பின்னர்ப் பட்டியலைக் கேட்கிறது. ஒன்றைத் தெரிந்தெடுத்தால், சாதாரணமாக இணையப் பக்கங்கள் வருகின்ற அதே எச்.டி.டி.பி. வழியில் படம் வந்து சேர்கிறது. புறப்படும் பெட்டி "போய்வருகிறேன்" என்று சொல்லிக்கொள்ளவும் விதி உண்டு. மனிதரிற் சிலருக்கு இல்லாத மரியாதை!

தப்புச் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்பதில்லையன்றோ? ஐந்தாங் காம்பராவின் சிக்கல் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அங்குச் சமிக்ஞை குறைவாயிருந்தமையால் உறவினர் ஒருவர் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வைத்திருந்தார். அது தனக்கென வேறொரு முகவரி வரிசையை வகுத்துக்கொண்டு தனி மலையாய் நின்றது. பொது அழைப்பு அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. இரண்டாவது ரவுட்டரை, தானாக முகவரி வழங்காது முதலாவதன் நீட்சியாக மட்டும் இருக்கும்படி மாற்றியதும் ஐந்தாங் காம்பராவுக்குங் கூத்து வந்தது. வாசகர் வீடுகளில் ஒரு பெட்டி மற்றொன்றைக் காண மறுக்குமாயின் முதலில் இதையே பார்க்கவேண்டும்.

அப்பாயியின் பெட்டி மட்டும் அசையவில்லை.

ஜெனிவாவில் இரு கதவுகள்

இப்பேச்சுமுறைக்கு யு.பி.என்.பி. என்று பெயர். 1999-இல் மைக்ரோசொப்ட் முதலிய கம்பெனிகள் கூடி அமைத்த யு.பி.என்.பி. மன்றம் இதை வகுத்தது. படம், பாட்டு இவற்றுக்குரிய பகுதி 2002 ஜூனில் வெளிவந்தது. அதன்மேல், 2003-இல் சோனி, இன்டெல் முதலியோர் தொடங்கிய மற்றொரு சங்கம், "இன்ன இன்ன வடிவங்களைக் கட்டாயம் எல்லாப் பெட்டிகளும் ஏற்கவேண்டும்" என்று இறுக்கமான வழிகாட்டி செய்தது. அதுவே பல தொலைக்காட்சிப் பெட்டிகளின் அட்டையில் நாம் காணும் டி.எல்.என்.ஏ. அது 2004-இல் வெளியிட்ட முதல் வழிகாட்டியில் வீட்டுப் பெட்டிகளுக்குக் கட்டாயமாக்கியவை மூன்றே: நிழற்படத்துக்கு ஜேபெக், ஒலிக்குச் சுருக்காத எல்.பி.சி.எம்., படத்துக்கு எம்பெக்-2. மற்றவையெல்லாம் பெட்டி செய்பவரின் விருப்பம். விருப்பம் என்னும் இவ்வொரு சொல்லினாலேயே ஒரு வீட்டில் ஓடும் படம் அடுத்த வீட்டில் ஓடாமற் போகிறது.

சரி, அத்தாள்கள் எங்கே? டி.எல்.என்.ஏ. சங்கம் 2017 ஜனவரியிற் கலைக்கப்பட்டது. யு.பி.என்.பி. மன்றமும் அதற்கு முந்திய ஆண்டின் தொடக்கத்திலேயே தன் உடைமைகளை வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டது. மாணவன் பழைய இணைப்புகளைத் தட்டித் தட்டிக் கதவடைத்த வீடுகளையே கண்டான். இவ்விடத்தில் நாம் கற்றதொன்றை மாணவர்க்கு உரைக்க விரும்புகின்றோம். நியமங்களைத் தேடும்போது சங்கத்தின் பெயரைத் தேடுவதினும் நியமத்தின் எண்ணைத் தேடுவதே நன்று. சங்கங்கள் கலையும், பெயர் மாறும், வீடு மாறும், எண் நிலைத்திருக்கும். யு.பி.என்.பி. நியமம் 2008-இல் ஐ.எஸ்.ஓ.-ஐ.ஈ.சி. 29341 என்னும் எண்ணைப் பெற்றது. டி.எல்.என்.ஏ. வழிகாட்டி ஐ.ஈ.சி. 62481 ஆயிற்று. அவ்வெண்களைக் கொண்டு தேடியபோதே வழி திறந்தது.

வழி திறந்தது என்றோமே தவிர, எல்லாக் கதவும் திறந்தன என்று சொல்லவில்லை. யு.பி.என்.பி. தாள்கள் கட்டணமின்றிக் கிடைத்தன. ஐ.ஈ.சி. 62481-க்கோ விலை. அதன் பல பாகங்களுள் ஒன்றன் விலையே கொழுந்து பறிக்கும் ஒருவரின் பல வாரக் கூலியை விழுங்கிவிடும். அப்பாயி வீட்டுப் பெட்டி எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதோ, அந்தச் சட்டத்தை வாசிக்க அப்பாயியின் மருமகள் பல வாரம் மலையேறவேண்டும்.

கொழும்பில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய நிறுவனம் ஒன்று உண்டு. இன்று இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் என வழங்குவது அது. அதன் நூலகத்தை நாடலாமென்று நாம் சொன்னோம். மாணவன், "போக வர ஒரு நாள் சேர், கூலியும் போகும், பஸ் காசும் போகும்" என்றான். அவன் அப்பொழுது ஒரு மரக்கறிக் கடையிற் கணக்கெழுதிக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் நமக்கொரு வியப்பு நேர்ந்தது. எம்பெக்-2 படச் சுருக்க முறையை ஐ.எஸ்.ஓ.வும், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வும் சேர்ந்தே வகுத்தன. ஆகவே அதற்கு இரண்டு பெயர்கள். ஐ.எஸ்.ஓ.விடம் அது 13818-2, ஐ.டி.யு.விடம் எச்.262. பொருளும் வாசகமும் ஒன்றே. முன்னதற்கு விலை, பின்னது இலவசம். இரு நிறுவனங்களுக்கும் தலைமையகம் ஜெனிவா நகரமே! ஒரே ஊரில், ஒரு கதவில் காசு கேட்கிறார்கள்; மறு கதவில் எடுத்துச் செல்லுங்கள் என்கிறார்கள். நிழற்படத்துக்குரிய ஜேபெக்கும் அவ்விதமே: ஐ.எஸ்.ஓ.வில் 10918-1, ஐ.டி.யு.வில் 1992-இல் வெளிவந்த டி.81. இன்றைய கைத்தொலைபேசிப் படங்களுக்குரிய எச்.264, 2003-இலும், எச்.265, 2013-இலும் ஐ.டி.யு.வில் வெளிவந்தன, அவையும் அக்கதவில் இலவசமே. ஆனால் நம் பிள்ளைகள் நாள்தோறும் பாட்டுக் கேட்கின்ற எம்.பி.3-க்கு இத்தகைய இரட்டைப் பெயர் இல்லை. ஐ.எஸ்.ஓ.வின் 11172-3 என்னும் ஒற்றைக் கதவே அதற்கு.

வைஃபைக்குரிய 802.11 நியமத்தை வகுக்கும் ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியியலாளர் கழகம், வெளியிட்டு ஆறு மாதங் கழித்து இலவசமாகத் தருகிறது. இது நடுவழி. இவை எல்லாவற்றினும் தாராளமானவை ஆர்.எஃப்.சி. எனப்படும் இணையத் தாள்களே. அவற்றின் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

1969-இல் அமெரிக்காவில் கணினிகளை இணைக்கும் முயற்சி தொடங்கியபோது, அதற்குரிய பேச்சுமுறையை வகுக்கும் பணி பட்டப்பின் படிப்பு மாணவர் சிலர் தலையில் விழுந்தது. பெரியவர் எவரேனும் வந்து, இது உங்கள் வேலையன்று என்று அதட்டிவிடுவரோ என்னும் அச்சம் அவர்களுக்கு. ஆகவே ஸ்டீவ் குரொக்கர் என்பவர் தம் குறிப்புகளுக்கு, "கருத்துரை வேண்டுதல்" என்று அடக்கமாகப் பெயரிட்டார். முதலாவது குறிப்பின் திகதி 1969 ஏப்ரில் 7. வீட்டிலுள்ளோரின் உறக்கம் கலையாதிருக்கக் குளியலறையில் அமர்ந்து இரவில் எழுதினாராம். அந்த அடக்கப் பெயரே இன்றுவரை நின்று, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட தாள்களாகப் பெருகியிருக்கிறது. முதற் தாள் முதற்கொண்டு யாவும் யாவர்க்கும் இலவசம். தப்பொலி போன்ற பொது அழைப்பின் விதி 1989-இன் 1112-ஆம் தாளில். படத்தைச் சுமந்துவரும் எச்.டி.டி.பி., 1999-இன் 2616-இலும், இப்போது அதற்குப் பதிலாக வந்த 2022-இன் தாள்களிலும். குளியலறைக் கதையைக் கேட்ட மாணவன், "எங்கள் லயத்தில் குளியலறையும் ஆறு காம்பராவுக்குப் பொது சேர்" என்றான். நாம் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு தாளின் இறுதியில் அது சார்ந்து நிற்கும் பிற தாள்களின் எண்கள் வரிசையாக இருக்கும். மாணவன் அவற்றைப் பிடித்துக்கொண்டு, ஓடையைப் பற்றி மேலேறி ஊற்றைக் காண்பவன் போல, ஒன்றிலிருந்து ஒன்றாக ஏறினான். விலைப் பூட்டுப் போட்ட இடத்தில், மினிடிஎல்என்ஏ மென்பொருளின் மூலநிரலைத் திறந்து படித்தான். அதை எழுதியவர்கள் சட்டத்தை எவ்வாறு நிறைவேற்றியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, சட்டம் யாதென ஊகித்தான். பூட்டிய நியமம் பூட்டாத நிரலிலே ஒளிந்திருப்பது இக்காலத்து விசித்திரம்.

இன்னுஞ் சில முறைகளோ தாள் வடிவில் வெளியே வரவேயில்லை. ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த ஏர்பிளேயும், கூகுள் 2013-இல் கொண்டுவந்த குரோம்காஸ்டும் இவ்வினத்தன. அவற்றைப் பற்றி வெளியார் அறிந்தவற்றுட் பெரும்பாலன, வலையமைப்பில் ஒட்டுக்கேட்டு அறிந்தவையே. வசதியில் அவை பழையவற்றை விஞ்சியவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பழுதுபட்டால் ஏன் பழுதுபட்டது என்று கேட்க ஒரு மாணவனுக்கு அங்கே வழியில்லை. நம் நோக்கில் இது சிறிய குறையன்று.

அப்பாயியின் பெட்டி சொன்ன விடை

யு.பி.என்.பி. தாள்களுள் ஒன்றிலே மாணவன் தான் தேடியதைக் கண்டான். "நீ எந்தெந்த வடிவங்களை ஏற்பாய்?" என்று பெட்டியையே கேட்டறியும் வினா ஒன்று அதில் விதிக்கப்பட்டிருந்தது. கெட்ப்ரோடோகோல்இன்ஃபோ என்பது அதன் பெயர். அவன் நாற்பது வரிகளில் ஒரு சிறு நிரல் எழுதி, அப்பாயியின் பெட்டியிடம் அக்கேள்வியைக் கேட்டான். பெட்டி நீண்டதொரு பட்டியலை ஒப்புவித்தது. அதில் எம்பெக்-2 இருந்தது, எச்.264 இருந்தது, எச்.265 இல்லை. சித்தப்பாவின் கைத்தொலைபேசி, இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, கூத்தை எச்.265-இலேயே பதிவுசெய்திருந்தது. முதற் காம்பராவின் புதிய பெட்டிக்கு அது தெரியும். பழைய பெட்டிக்குத் தெரியாது. அந்தப் பட்டியலில் வடிவங்களின் பெயரோடு பால், என்.டி.எஸ்.சி. என்னும் பழைய எழுத்துகளும் ஒட்டியிருந்ததை மாணவன் சுட்டிக்காட்டினான். கனடாக் கஸெற்றின் ஆவி இன்னும் போகவில்லை போலும்.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் எளிது. எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருளினால் கூத்தை எச்.264-க்கு மாற்றினான். அந்தக் கிழட்டு மடிக்கணினி இரவு முழுவதும் உறுமி அந்த முக்கால் மணி நேரப் படத்தை மாற்றி முடித்தது.

பிறகும் ஒரு முட்டுக்கட்டை. "காமன் கூத்து" என்று தமிழில் எழுதிய கோப்பின் பெயர் அப்பாயியின் பெட்டியிலே வெறுஞ் சதுரங்களாகத் தெரிந்தது. இதில் நியமத்தின் குற்றம் ஏதுமில்லை. 1991-இல் வந்த யுனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. மடிக்கணினி சரியாகவே எழுதி அனுப்பிற்று. பெட்டியுஞ் சரியாகவே பெற்றுக்கொண்டது. பெட்டியைச் செய்தவர்கள் தமிழ் எழுத்துருவை உள்ளே வைக்கவில்லை, அவ்வளவுதான். நியமம் எழுதப்பட்டிருப்பது வேறு. அதை நிறைவேற்றுபவர் நம்மை நினைத்துக்கொள்வது வேறு. ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றுவதற்கு மாணவன் இசையவில்லை. "அப்பாயிக்கு எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது சேர், யாருக்காக மாற்றுவது?" என்றான். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு படம் வைக்க அந்தத் தாள்களில் இடமிருந்தது. தாத்தா தப்போடு நிற்கும் பழைய நிழற்படம் ஒன்றை ஜேபெக் ஆக்கி அங்கே வைத்தான்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இவ்வாறு வீட்டில் அமைக்கும் சேவையகங்கள் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்பதில்லை. வைஃபைக்குள் வந்தவர் எவராயினும் உள்ளிருக்கும் குடும்பப் படங்களைப் பார்க்கலாம். ஆகவே வைஃபையின் கடவுச்சொல்லை வருவோர் போவோர்க்கெல்லாம் கொடுப்பது தகாது. இன்னொன்று: ரவுட்டர்களில் யு.பி.என்.பி. என்றொரு ஆளி உண்டு. அது வெளி இணையத்திலிருந்து உள்ளே வர வாயில் திறப்பது. வீட்டுக்குள் படம் பார்ப்பதற்கு அது தேவையில்லை. 2013 ஜனவரியில் அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே அதை அணைத்துவிடும்படி பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. அதை அணைத்துவைத்தல் நன்று.

நாம் இரண்டாம் முறை கந்தப்பளைக்குச் சென்றது வைகாசி மாதத்து ஞாயிறொன்றில். மழை. அப்பாயியின் காம்பராவில் பதினைந்து பேருக்குக் குறையாமல் நெருங்கி அமர்ந்திருந்தோம். சமிக்ஞைப் பலகை மாணவனுடைய கையில். பட்டியலில் தாத்தாவின் படம் தோன்றியதும் அப்பாயி, "அது எங்க வீட்டு மனுசன்" என்று பொதுவாகச் சொன்னார். கூத்து ஓடத் தொடங்கிற்று. ஐந்து நிமிடம் வரை அவர் பேசவில்லை. பின், ரதி வேடம் போட்டவன் அடவில் பிழை விடுகிறான் என்றார். தப்புச் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார். தாத்தா பாடும் இடத்தில் தாமும் உடன் முணுமுணுத்தார். இடையிலே மின்சாரம் ஒரு முறை போய் வந்தது. மீண்டும் முதலிலிருந்து போடும்படி பணித்தார்.

அவ்வேளை ஐந்தாங் காம்பராவிலும் அதே கூத்து ஓடிக்கொண்டிருந்தது; ஆனால் சில விநாடிகள் பின்னாலே. சுவருக்கு அப்பால் தப்பொலி, எதிரொலி போல, பிந்திப் பிந்திக் கேட்டது. மாணவன் நம்மைத் திரும்பிப் பார்த்து, "சேர், ஆறு வீட்டிலும் ஒரே அடியாக விழவேண்டுமானால் பெட்டிகளின் கடிகாரங்கள் ஒன்றாக ஓடவேண்டும். அதற்கும் ஒரு தாள் இருக்கவேண்டுமே?" என்றான்.

கணினிக் கடிகாரங்களை ஒத்துவைப்பதற்கு 2010-இல் வெளிவந்த 5905-ஆம் ஆர்.எஃப்.சி. ஒன்று உண்டு. அதன் எண்ணை அவன் உள்ளங்கையிலே குறித்துக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டோம்.